ஆள்காட்டிப் படகின் முடிச்சுகள்

பாய்மரப் படகில் ஏறி இங்கிலாந்துக் கரையைச் சுற்றிவரப் போகிறேன் என்று என் மகள் வளர்மதி போனில் சொன்னபோது, என் மனைவி "சரிம்மா, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க போயி அவள இட்டுகினு வாங்க" என்றாள். நான் அதுவரை தாண்டிய பெரிய தண்ணீர் எங்கள் ஆரணியின் கமண்டல நாகநதிதான். அதிலும் தண்ணீர் இருந்த வருஷங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வளர்மதிக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை போட்டுத்தான் நடப்பாள். அந்தக் காலோடு வேலூரிலும் சென்னையிலும் படித்து, சீமைக்குப் போய்க் கம்ப்யூட்டர் வேலையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதில் எங்களுக்கு நிம்மதி. ஆரணியில் பாதி ஊர் பட்டுத்தறியில் உட்கார்ந்துதான் பிழைக்கிறது என்றாலும், தறிக்குழியில் காலை இறக்கி மிதிப்பதற்கு இரண்டு காலும் வேண்டும். படகைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

நான் பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் தரம் பார்க்கும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். முள்ளிப்பட்டிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் நெய்து வருகிற சேலையை வெளிச்சத்தில் விரித்து, பின்பக்கம் திருப்பி, விரலால் தடவி முடிச்சு தேடுவது என் வேலை. அறுந்த பட்டிழையை இன்னொன்றோடு சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். சோம்பல்பட்டு முடிச்சுப் போட்டால் அது குற்றம், கூலியில் பிடிப்பார்கள். பூதக்கண்ணாடியை வைத்து அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவதும் நான்தான். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. விமானத்தில் என் முன்னால் தெரிந்த தலைகளை எண்ணினேன். சாப்பாட்டுத் தட்டில் இருந்த மூடிகளை எண்ணினேன். ஏழு மூடி. ஏழையும் திறந்தபிறகும் சாப்பாடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

மகள் இருந்த ஊர் தெற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகம். ரயிலில் போக வேண்டும். ஆரணி ரோடு ஸ்டேஷனில் கடைசிப் பெட்டியில்தான் இடம் கிடைக்கும் என்ற ஞாபகத்தில் இங்கேயும் கடைசிப் பெட்டியில் ஏறிவிட்டேன். அந்த ஊரின் நடைமேடையோ முன்னால் உள்ள நான்கு பெட்டிகளுக்குத்தான் எட்டும். ஒலிபெருக்கியில் சொன்னார்களாம், எனக்கு விளங்கவில்லை. வண்டி நின்றது, என் கதவு திறக்கவில்லை. வண்டி மறுபடி நகர்ந்தபோது நடைமேடை என் சன்னலோரமாக வந்தது, அதில் வளர்மதி நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவள் தலையில் அடித்துக்கொள்வதைப் பார்த்தபடியே அடுத்த ஊருக்குப் போனேன்.

எதிரில் நாயோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, கவலைப்படாதீர்கள், மாதத்தில் ஒருவராவது இப்படிப் போகிறார் என்றாள். பிஸ்கட் கொடுத்தாள். நாய், மகளுக்காக நான் கொண்டுபோன அரிசி மூட்டையின் மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டது. நான் இறங்கும்வரை அதை எழுப்ப அந்த அம்மாளுக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

ஒருவழியாகத் திரும்பி வந்து சேர்ந்தபோது துறைமுகத்தில் தண்ணீரே இல்லை. சேற்றில் படகுகள் ஒருபக்கமாகச் சாய்ந்து, மதிய வெயிலில் மாடுகள் படுத்திருப்பதுபோல் கிடந்தன. ஆற்றில்தான் தண்ணீர் வராது என்று பார்த்தால் கடலுக்கும் அதே கதியா என்று கேட்டேன். வளர்மதி சிரித்தாள். "செத்த நேரம் உக்காரு நைனா. தானா வரும்." ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பயண அசதியில் கண் செருகியது. திறந்தபோது சேற்றில் வெள்ளிச் சரிகை ஓடுவதுபோல் ஒரு கோடு. மறுபடி கண் செருகியது. அடுத்த முறை பார்த்தபோது படகுகள் எல்லாம் ஓசையில்லாமல் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தன. யாரும் எழுப்பவில்லை, யாரும் வேடிக்கை பார்க்கவும் இல்லை. எங்கள் ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்தில் நிற்கும். இங்கே கடல் வற்றுவதும் ஏறுவதும் தினசரி நடக்கிற சமாசாரம்.

வளர்மதியும் கூட்டாளிகளும் போகிற படகின் பெயர் ஒரு பறவையின் பெயர். நம் ஏரிக்கரையில் ஆளைக் கண்டால் கத்திக்கொண்டு பறக்குமே, அந்த ஆள்காட்டி என்று வளர்மதி விளக்கினாள். அப்புறம் நான் அதை ஆள்காட்டி என்றே சொன்னேன், அவர்களும் சிரமப்பட்டுச் சொல்லிப் பழகினார்கள். முப்பது அடிப் படகு. கடையில் எல்லோருக்கும் விற்கிற சாதாரணப் படகு. போகிறவர்கள் மூன்று பேர். தலைவி ஹெலன், பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள், இடது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. இன்னொருவர் காலின் என்கிற ஐம்பது வயது ரொட்டிக்காரர், இரண்டு கண்ணும் தெரியாது. மூன்றாவது என் மகள். சுக்கான் பிடிப்பது அவள்.

ஊனமுற்றவர்களுக்கென்றே வசதி செய்த படகுகள் இருக்கின்றனவாமே, அதில் போகக்கூடாதா என்று ஹெலனிடம் கேட்டேன். அவள் கோபிக்கவில்லை. அப்படிப் போனால் படகுதான் எங்களைக் கூட்டிப்போனது என்பார்கள், நாங்கள் படகைக் கூட்டிப்போக விரும்புகிறோம் என்றாள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நான் கைப்பிடிகளை எண்ணினேன். உட்காரும் இடத்தில் நான்குதான் இருந்தன. கடலில் நான்கு கைப்பிடி எந்த மூலைக்கு?

அடுத்த நாள் பூராவும் கரையில் உட்கார்ந்து அவர்கள் பழகுவதைப் பார்த்தேன். ஹெலன் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்து ஒரு கையால் இழுப்பாள். வளர்மதி கால் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தபடியே படகின் முனைவரை நகர்ந்து போய் வருவாள். நம் வீட்டில் அவள் அப்படித் தரையில் நகர்ந்தால் என் மனைவி கதவைச் சாத்துவாள், தெருவில் போகிறவர்கள் பார்க்கக் கூடாது என்று. இங்கே அவள் நகர்கிற வேகத்தைப் பார்த்து ஒரு மீன்காரன் பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டான். காலின் தன் முகத்தை வானத்தில் வைத்துக்கொண்டு, காற்று திரும்புவதைக் காதால் கேட்டுச் சொல்வார். பாய்கள் ஏறும்போது, சாயம் தோய்க்கும் முன்னால் வெள்ளைப் பட்டை உலர்த்துகிற மாதிரி இருந்தது. பார்க்கப் பார்க்க உறக்கம் வந்தது. வந்த காரியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று நினைத்தபடியே உறங்கிப்போனேன்.

சாப்பிடும்போது ஆரம்பித்தேன். காலின் செய்து கொடுத்த ரொட்டியும், நான் கொண்டுபோன ஆரணி அரிசியில் வளர்மதி வைத்த ரசம் சோறும். உங்கம்மா அழுகிறாள் என்றேன். "அம்மா எங்க அழும்? அது என்னத் திட்டும், அவ்ளோதான்" என்றாள். உனக்கு நீச்சல் தெரியாதே என்றேன். தெரியும், இங்கே வந்து கற்றுக்கொண்டேன் என்றாள். அது எனக்குப் புதுச் செய்தி. பிறகு அவளே விஷயத்தைச் சொன்னாள். நாளை மறுநாள் பரீட்சை. படகுச் சங்கத்திலிருந்து ஒருவர் ஏறி வந்து பார்ப்பார். தேறவில்லை என்று அவர் சொன்னால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது, பயணம் இல்லை. மூன்று பேருக்குக் குறைந்தால் விடமாட்டார்கள். ஒருவர் தோற்றால் மூவரும் தோற்றதாகத்தான் கணக்கு.

நான் ரசத்தைக் குடித்தேன். நான் தடுக்கவே வேண்டாம், அந்தப் பரீட்சைக்காரரே தடுத்துவிடுவார் என்று தோன்றியது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

பரீட்சைக்கு முதல் நாள் மதியம் மூவரும் சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்கள். படகு படித்துறையில் கட்டியிருந்தது. இளவெயில். தண்ணீர் படகின் வயிற்றைத் தட்டுகிற சத்தம், தெருக்கோடியில் ஒற்றைத் தறி ஓடுவதுபோல். சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு ஆகாது. ஏறி, துணியை நனைத்துப் பலகைகளைத் துடைத்தேன். பாய்களிலிருந்து வரும் கயிறுகள் உட்காரும் இடத்தில் வந்து முடிகின்றன. எண்ணினேன், ஒன்பது. கட்டிவைக்க இருந்த இரும்புக் கொம்புகள் ஐந்துதான், அதனால் ஒரே கொம்பில் இரண்டிரண்டு கயிறு சுற்றியிருந்தது. மிஞ்சிய கயிற்று வால்கள் எல்லாம் கும்பலாகக் கிடந்தன. ஒழுங்குபடுத்தலாம் என்று ஒவ்வொன்றாகக் கைக்குள் உருவினேன். விரலில் இடறியது. முடிச்சு. இன்னொன்றில் இரண்டு முடிச்சு. வேறொன்றில் மூன்று.

யாரோ அவசரத்தில் போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. விரல் முடிச்சைத் தொட்டால் அவிழ்க்கும், அவ்வளவுதான். ஆறு கயிறுகளில் இருந்த முடிச்சுகள் அத்தனையையும் நகத்தால் நெம்பி அவிழ்த்தேன். மடிப்பு விழுந்த இடத்தை நீவிவிட்டேன். வழவழவென்று ஒன்பது கயிறு. சங்கத்தில் நான் கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்புகிற சரக்கு மாதிரி இருந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

மறுநாள் பரீட்சைக்காரர் வந்தார். பெயர் ஹார்வி. என் வயது இருக்கும். சிரிப்பது கிடையாது. வளர்மதி கேட்டுக்கொண்டதால் என்னையும் ஏற்றினார்கள், ஓரமாக உட்கார வேண்டும், எதையும் தொடக்கூடாது என்று. காற்று மிதமாக இருந்தது. துறைமுகச் சுவரைத் தாண்டியதும் படகு சாய்ந்து, கடல் என் முழங்கை உயரத்தில் ஓடத் தொடங்கியது. பயந்தேன்தான். ஆனால் கொஞ்ச நேரத்தில் பயம் எங்கோ பின்னால் தங்கிவிட்டது. கரை ஒரு மங்கலான பச்சைக் கோடு. சுக்கானைப் பிடித்துக்கொண்டு வளர்மதி உட்கார்ந்திருந்த விதத்தில் கால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அவள் முகத்தில் ஒரு சாயல் இருந்தது, நான் அதுவரை பார்த்ததில்லை. எதையும் எண்ணாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது, துறைமுக வாசலுக்குப் பக்கத்தில், கற்சுவரை ஒட்டிப் படகைத் திருப்ப வேண்டியிருந்தது. ஹெலன் குரல் கொடுத்தாள். காலின் குனிந்து, கயிறுகளைத் தடவி, ஒன்றை அவிழ்த்துவிட்டார்.

தலைக்குமேல் சர்ரென்று ஒரு சத்தம். பெரிய பாய் மொத்தமாக இறங்கி எங்கள் மேல் விழுந்தது. வெளிச்சம் வெள்ளையாகிவிட்டது. துணிக்குள் யாரோ இருமினார்கள். நான் பாயை விலக்கிப் பார்த்தபோது சுவரின் கற்கள் பெரிதாகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கல்லிலும் பாசி தெரிந்தது. ஹார்வி எஞ்சின் சாவிக்குக் கை நீட்டினார். வளர்மதி அவர் கையைத் தட்டிவிட்டு, பாய்க்கு வெளியே தலையை நீட்டி, முன்பாய் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சுக்கானை மார்போடு அணைத்துத் தள்ளினாள். படகு யோசித்தது. பிறகு மெல்லத் திரும்பியது. சுவர் எங்களைக் கடந்து போனது, ரயிலிலிருந்து பார்க்கிற மாதிரி.

துறைமுகத்துக்குள் வந்து நின்றபின்தான் ஹார்வி பேசினார். தவறான கயிற்றை அவிழ்த்தீர்கள் என்றார் காலினிடம். காலின் கயிறுகளின் வாலை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். இந்தக் கொம்பில் இரண்டு கயிறு, திரும்பும்போது அவிழ்க்க வேண்டிய கயிற்றில் முடிச்சு இருக்காது, பெரிய பாயைத் தூக்கிப் பிடித்திருக்கிற கயிற்றில் ஒரு முடிச்சு இருக்கும், அதை வைத்துத்தான் பிரித்தறிவேன் என்றார். இப்போது எதிலும் முடிச்சு இல்லை. முந்தாநாள் பழகி முடித்ததும் கயிறுகளைக் கழுவினேன், திரும்பக் கட்ட மறந்திருப்பேன் என்றார். குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

அப்படியானால் தவறு உங்களுடையது என்றார் ஹார்வி. காலின் ஆமாம் என்றார். ஹெலன் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எதையும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். காலின் போக முடியாது. ஆள் மூன்றுக்குக் குறையும், பயணம் நிற்கும், நான் மகளோடு ஊருக்குப் போகலாம். என் மனைவி கேட்டது கிடைக்கும். இத்தனை சுலபமாகக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலின் இன்னும் அந்த வழவழப்பான வாலை விட்ட இடத்திலிருந்து மறுபடி தடவிக்கொண்டிருந்தார், தன் விரலையே நம்பாதவர்போல்.

"நான்தான் சார் அவிழ்த்தேன்" என்றேன். ஆபீஸ் இங்கிலீஷில்தான் சொன்னேன், எழுந்து நின்று சொன்னேன், படகு ஆடியது. முடிச்சு எங்கள் ஊரில் குற்றம், முடிச்சைத் தேடிக் கண்டுபிடிப்பதே என் உத்தியோகம், நேற்று அத்தனையையும் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன்.

முதலில் சிரித்தவர் காலின்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒன்றுகூட விடவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் நீங்கள் நல்ல அதிகாரியாகத்தான் இருந்திருப்பீர்கள் என்றார்.

ஹார்வி சிரிக்கவில்லை. கடலில் யாராவது ஒருவர் எதையாவது அவிழ்க்கத்தான் செய்வார், ஒரே அடையாளத்தை நம்பியது தப்பு, ஒவ்வொரு கயிற்றுக்கும் இரண்டு அடையாளம் வையுங்கள், நாளை மறுபடி பார்க்கிறேன் என்றார். இறங்கும்போது வளர்மதியிடம், என் கையைத் தட்டிவிட்டது சரிதான் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு நடக்கும்போது வளர்மதியின் கால் பட்டையின் சத்தம் மட்டும் கல் பாவிய தெருவில் கேட்டது. மேட்டில் ஏறியதும் நின்றாள்.

"நீ வாய மூடிகினு இருந்திருக்கலாம் இல்ல நைனா?"

நானும் நின்றேன்.

"அதுக்குத்தான வந்த?"

"அந்த ஆளு மேல பழி வந்துச்சேம்மா" என்றேன்.

"அது மட்டுமா?"

நீ ஓட்டினத பார்த்தேன் என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு முன்னால் நடந்தாள்.

அன்று மாலை வெளிச்சம் அங்கே வெகுநேரம் இருந்தது. காலின் என்னைப் படகில் உட்காரவைத்து முடிச்சுகளைத் திரும்பப் போடச் சொன்னார். எத்தனை, எதில் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. வாழ்நாளில் அவிழ்க்க மட்டுமே தெரிந்த விரல், போடும்போது கூச்சப்பட்டது. இரண்டாவது அடையாளத்துக்கு ஹெலன் தடித்த நூலும் ஊசியும் கொடுத்தாள். கயிற்றின் மேல் வளையம் வளையமாகச் சுற்றித் தைத்தேன். காலின் ஒவ்வொன்றையும் தடவி, தலையாட்டினார். ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுத்து, இது கொஞ்சம் தளர்ச்சி என்றார். சரியாகத்தான் சொன்னார், தளர்ச்சிதான். பிரித்துத் தைத்தேன்.

மறுநாள் நான் ஏறவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே கரையில் நின்றுகொண்டேன். மெல்லிய மூடுபனி. படகு போகப் போக உடல் மறைந்து, பாய் மட்டும் தெரிந்தது, பிறகு பாயின் ஓரம், பிறகு ஓரம் இருந்த இடம். கடலும் வானமும் ஒரே துணியில் நெய்ததுபோல் இருந்தது. எங்கே சேர்த்தார்கள் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. அலைகளை எண்ணத் தொடங்கினேன். விட்டுவிட்டேன். ஒரு கடற்பறவை பக்கத்தில் வந்து என் பையை நோட்டம் விட்டது. நான் விழித்திருந்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது குரல். ஹெலன் ஏதோ கட்டளையிட, காலின் பதில் சொல்ல, பிறகு வெள்ளையாகப் பாய். சுவரை ஒட்டி, முந்தின நாள் பாய் விழுந்த அதே இடத்தில், படகு ஒரு சுற்றுத் திரும்பி நேராக உள்ளே வந்தது. ஹார்வி படித்துறையில் கால் வைத்ததும் என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். தேறிவிட்டீர்கள் என்று அவர் சொல்லிவிட்டார் என்பது வளர்மதியின் முகத்திலேயே இருந்தது.

தெருமுனைத் தொலைபேசிப் பெட்டியிலிருந்து ஆரணிக்குப் போன் போட்டேன். என் மனைவி எடுத்த எடுப்பில், "எப்ப இட்டுகினு வரீங்க?" என்றாள்.

அவள் போகிறாள், நான் மட்டும் உடனே வருகிறேன் என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், நான் முடிச்சு அவிழ்த்தது உட்பட. 

"ஒருத்தருக்குக் கண்ணு இல்ல, அந்தம்மாவுக்குக் கை இல்ல, நம்ம பொண்ணு இப்படி" என்றாள். "எல்லாத்தையும் எண்ணுவீங்களே. அந்தப் படகுல மொத்தம் எத்தினி இருக்குதுன்னு எண்ணுனீங்களா?"

பெட்டியின் கண்ணாடி வழியாகப் படித்துறை தெரிந்தது. மூன்று பேரும் பாயை மடித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துப் பார்த்து எண்ணினேன்.

"கை அஞ்சு. கண்ணு நாலு. காலு அஞ்சு."

"போதுமா?"

"ஒரு படகுக்குப் போதும்" என்றேன்.

அவளும் கணக்குப் பார்த்தாள்போல் இருக்கிறது. பிறகு, "அப்ப நீங்க இன்னாத்துக்கு அவசரமா வரீங்க?" என்றாள். "அவ கெளம்புறத கண்ணால பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."